குரோனிங்கன் அடுக்களையில் ஒரு சீசா

சனிக்கிழமை காலை எழுந்ததும் தியோலினா செய்த முதல் காரியம், மூக்குக்கண்ணாடியை முந்தானை இல்லாத குறைக்கு இரவுச் சட்டையிலேயே துடைத்துப் போட்டுக்கொண்டு, மகளின் போனில் இருந்த அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்ததுதான்.

எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். மகள் நவுலிக்கு நெதர்லாந்தில் குரோனிங்கன் என்கிற ஊரில் மூன்று வருஷப் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. விசா வந்துவிட்டது. திங்கட்கிழமை ராத்திரி நம் ஊர் மேடானிலிருந்து விமானம். நாளை ஞாயிறு மதியம் சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் கூடி, தியோலினாவின் அண்ணன் தாய்மாமன் முறைக்கு மீன் சமைத்துக் கொண்டுவந்து வைத்து, பெண்ணை ஆசீர்வதித்து அனுப்பப் போகிறார்.

எல்லாம் சரி. தங்குகிற வீடுதான் தியோலினாவுக்கு நெருடிக்கொண்டே இருந்தது.

ஜூன் மாதம் முழுக்க அறை கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்த பெண், ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் "கிடைச்சிருச்சும்மா" என்று வந்து நின்றாள். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் கண் எங்கேயோ போகிறது. தியோலினா இருபத்தாறு வருஷமாக ஆரம்பப் பள்ளி டீச்சர். எந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறது என்று கரும்பலகையைப் பார்த்தபடியே சொல்லிவிடுவாள்.

"காலங்காத்தால என் போன்ல என்னம்மா பண்றே?" தலையைச் சொறிந்துகொண்டே நவுலி வந்தாள்.

"வீட்டைப் பாக்கறேன். என் மக தங்கப்போற வீடு. பாக்கக் கூடாதா?"

"நேத்துதான் பாத்தியே."

"நேத்து ஹாலைப் பாத்தேன். இன்னிக்கு அடுக்களையைப் பாக்கறேன். அந்த வீட்ல யாரு யாரு இருக்காங்கன்னு சொன்னே?"

"எத்தனை தடவைம்மா சொல்றது! நாலு பொண்ணுங்க. ரெண்டு பேரு டச்சு, ஒருத்தி போலந்து, ஒருத்தி ஸ்பெயின்."

"போன வாரம் போர்ச்சுகல்னு சொன்னே."

"ஸ்பெயினுக்குப் பக்கத்துலதான் போர்ச்சுகல் இருக்கு."

"அப்ப சரி. நல்லா சமைப்பாங்களா?"

"எங்க? காலையில ரொட்டி, மத்தியானமும் ரொட்டி. சாயங்காலம் ஒரு வேளைதான் அடுப்பே பத்த வைப்பாங்களாம்."

"ம்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் தியோலினா.

கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் காப்பி அடித்தவளை உடனே பிடித்துவிட்டால், விடையைக் காட்டினவள் தப்பித்துவிடுவாள். இருபத்தாறு வருஷ அனுபவம்.

அவள் பார்த்தது இதுதான். அடுப்புக்கு மேலே பலகை. பலகையில் உப்பு, எண்ணெய், ஏதோ புட்டிகள். அவற்றுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு கண்ணாடிச் சீசா. படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினால், சீசா நிறையக் கறுப்பு மணிகள். மிளகு என்றுதான் வேறு யாரும் சொல்வார்கள். மிளகுக்கு ஏது முள் வைத்த காம்பு? மிளகு ஏன் கொத்துக் கொத்தாக இருக்கிறது?

அது அந்தலிமான். நம் தோபா ஏரிக்கரை மலையில் விளைகிறது. நாக்கில் வைத்தால் நாக்கு மரத்து ரீங்காரம் போடும். அது இல்லாமல் நம் பத்தாக் இனத்து வீட்டில் மீன் குழம்பு இல்லை. பத்தாக் வீட்டைத் தாண்டினால் அதைச் சீந்துவார் இல்லை. போலந்துக்காரிக்கும் ஸ்பெயின்காரிக்கும் அது எதற்கு?

அந்த வீட்டில் பத்தாக் ஆள் ஒருவர் இருக்கிறார்.

அப்படி நினைத்ததும் தியோலினாவின் மனம் நேராகப் போய் நின்ற இடம், புருஷனின் அக்கா ரோசிந்தான்.

ரோசிந்தானின் மகன் டோகார் இரண்டு வருஷமாக நெதர்லாந்தில் கப்பல் படிப்பு படிக்கிறான். ராட்டர்டாம் என்று சொல்கிறார்கள். நவுலிக்கு அவன் அத்தை மகன், கேட்டுக் கட்டுகிற முறை. "என் மருமக, என் மருமக" என்று நவுலியின் ஐந்து வயதிலிருந்து சர்ச் வாசலில் சொல்லிக்கொண்டிருப்பவள் ரோசிந்தான். தியோலினாவுக்கு அது வேப்பங்காய்.

போதாக்குறைக்குப் புருஷன் மரோஜஹான். பாட்டுப் போட்டிக்கு ஜகார்த்தா போக நவுலி மூன்று நாள் அனுமதி கேட்டதற்கு மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், நெதர்லாந்து என்றதும் "போகட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் ஏதோ செய்திருக்கிறார்கள்.

பதினொரு மணிக்கு மேல், "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் பெச்சா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

---

சென்ட்ரல் மார்க்கெட் மாடியில் ரோசிந்தானுக்கு உலோஸ் துணிக் கடை. கல்யாணம், கருமாதி, பிள்ளைப்பேறு என்று எதற்கும் தோளில் போர்த்துகிற துணி. சனிக்கிழமை என்றால் நிற்க இடம் இருக்காது.

"வா வா, போனார் அம்மா!" என்று ரோசிந்தான் உரக்கக் கூப்பிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, பழக்க தோஷம். நவுலி அம்மா, உக்காரு."

பழக்க தோஷமா அது! மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் நம்மில் அம்மா அப்பாவைக் கூப்பிடுவது. தியோலினாவின் மூத்த பிள்ளை போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மரோஜஹான் அவனை வாசலில் நிறுத்தி, "இனி எனக்கு ஒரே ஒரு பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெயர் இல்லை. அவனோடு யார் பேசினாலும் அவர்களும் வெளியே. ஊருக்குச் சொன்னது, அப்பனுக்கும் மகனுக்கும் சண்டை, அவன் காலிமந்தான் தீவில் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்று. ஏன் சண்டை என்று கூடப்பிறந்த அக்காவுக்குக்கூட மரோஜஹான் வாயைத் திறக்கவில்லை. அதனாலேயே ரோசிந்தான் சமயம் கிடைக்கும்போதெல்லாம் அந்தப் பெயரை எடுத்துச் சொறிந்து பார்ப்பாள்.

"நாளைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தியா? தம்பி போன வாரமே சொல்லிட்டானே."

"இல்ல அண்ணி. டோகாருக்கு ஏதாவது குடுத்து அனுப்பணுமான்னு கேக்க வந்தேன். நவுலி பெட்டியில கொஞ்சம் இடம் இருக்கு."

ரோசிந்தான் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தாள். "உன் மக பெட்டியில என் மகனுக்கு இடமா? சூரியன் இன்னிக்கு எந்தப் பக்கம் உதிச்சுது?"

"உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான். அந்தலிமான் வேணா அனுப்பலாமேன்னு..." என்று சொல்லி, அவள் முகத்தையே பார்த்தாள் தியோலினா.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல நடிகை, அல்லது நிஜமாகவே ஒன்றும் இல்லை.

"நல்ல வேளை கேட்டே. கிறிஸ்துமஸுக்கு அனுப்புனது. தீந்து போச்சுன்னு ஒரே புலம்பல். இரு, அவனையே கேப்போம்." அடுத்த நிமிஷம் வீடியோ அழைப்பு போய்விட்டது. அங்கே காலை ஏழரை மணி. வாயில் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு டோகார் வந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணக் கோஷ்டி கடைக்குள் நுழைந்தது. பதினொரு உலோஸ் வேண்டுமாம். "பேசிட்டு இரு, வரேன்" என்று போனைத் தியோலினாவின் கையில் திணித்துவிட்டு ரோசிந்தான் ஓடினாள்.

"மாமி! எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்டா. உன் அடுக்களையைக் காட்டு."

"என்னது?"

"அடுக்களை, அடுக்களை. நீ ஒழுங்கா சாப்பிடறியான்னு பாக்கணும்."

பையன் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிக் கொண்டுபோய்க் காட்டினான். மூன்று நாள் பாத்திரம் தொட்டியில். ஜன்னலில் சாத்தி வைத்த சைக்கிள் சக்கரம். சுவரில் யார் எந்த வாரம் கழிவறை கழுவ வேண்டும் என்று பட்டியல். எல்லாம் பையன்கள் பெயர். அந்தப் பலகை இல்லை, அந்த அடுப்பு இல்லை. இது வேறு வீடு.

"மன்னிச்சுக்கோங்க மாமி, இந்த வாரம் பாத்திரம் என் முறை இல்ல," என்றான். "நவுலிக்கு ரூம் கிடைச்சிருச்சாமே? எப்படிக் கிடைச்சுது? எனக்கு ஏழு மாசம் ஆச்சு. முதல் ரெண்டு மாசம் ஒருத்தன் சோபாவுல படுத்துக் கிடந்தேன்."

"ஏதோ கடவுள் புண்ணியம். அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா, குரோனிங்கன்ல?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு அக்காதான். ஈஸ்டருக்கு ஆம்ஸ்டர்டாம்ல நம்ம பத்தாக் ஆராதனைக்கு வந்தாங்க. பெரிய சட்டி நிறைய மீன் பண்ணி எடுத்துட்டு வந்தாங்க பாருங்க, மாமி, அழுதுட்டேன். ஊர் அந்தலிமான், ஒரு சீசா நிறைய வெச்சிருக்காங்க!"

தியோலினா எழுந்து உலோஸ் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "பேரு என்ன?"

"லாம்ரியா. யுனிவர்சிட்டியில டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறாங்க. நம்ம மாமா குலம்தான், ஹுத்தகாவோல். முறைப்படி நவுலிக்கு அக்கா ஆகணும்ல?"

"தனியாவா வந்தா?"

"தனியாத்தான். புருஷன் என்ன பண்றாருன்னு கேட்டா சிரிச்சு மழுப்பிட்டாங்க. ஏன் மாமி, தெரிஞ்சவங்களா?"

"இல்ல," என்றாள்.

தெரியாமல் என்ன? அந்தப் பெயரை ஒரே ஒரு கடிதத்தில் படித்திருக்கிறாள். படித்த அன்றே அடுப்பில் போட்டிருக்கிறாள். ஒரே குலத்தில் பிறந்தவர்கள் உடன்பிறந்தவர்கள் முறை. எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் முறை முறைதான். அந்த முறையை மீறி லாம்ரியாவைக் கட்டிக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதியவன்தான் போனார். அவன் காலிமந்தானில் இல்லை.

"என்ன, அப்படிக் கறுத்துப் போய் நிக்கறே?" ரோசிந்தான் பின்னாலிருந்து கேட்டாள். எப்போது வந்தாள்?

"ஒண்ணும் இல்ல அண்ணி. இங்க புழுக்கம்."

"பேன் ஓடுது." ரோசிந்தான் போனை வாங்கிக்கொண்டாள். திரையைப் பார்த்தாள், தியோலினாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "டேய், மாமிகிட்ட என்னடா சொன்னே?"

தியோலினா அங்கே நிற்கவில்லை.

---

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். நவுலி தரையில் உட்கார்ந்து பெட்டிக்குள் நூடுல்ஸ் பொட்டலங்களைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பெயின்காரி பேரு லாம்ரியாவா?"

பொட்டலம் ஒன்று நவுலியின் கையிலேயே நொறுங்கியது.

பிறகு நவுலி சின்னக் குரலில், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரிஞ்சா நீ திங்கக்கிழமை விமானத்துல ஏறுவேன்னு நினைக்கிறியா? உன்னையும் வாசல்ல நிறுத்துவார்டி. ஏண்டி இப்படிப் பண்ணே? உலகத்துல வேற வீடே இல்லையா?"

"இல்லம்மா! நிஜமாவே இல்ல. நாப்பத்திரெண்டு வீட்டுக்கு எழுதுனேன். எட்டு வீட்ல பேசுனாங்க. அங்க இருக்கறவங்க அஞ்சு ஆறு பேரு சோபாவுல வரிசையா உக்காந்துக்கிட்டு, பொண்ணு பாக்கற மாதிரி கேள்வி கேப்பாங்க. அவங்களுக்குப் பிடிச்சாத்தான் ரூம்."

"என்ன கேட்டாங்க?"

"வாரத்துல எத்தனை நாள் பீர் குடிப்பேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவேன்னு சொன்னேன்."

வேறு நாளாக இருந்தால் தியோலினா சிரித்திருப்பாள்.

"காலேஜ்லயிருந்து கடுதாசி வந்துதும்மா. தங்க இடம் உறுதி ஆகலைன்னா கிளம்பியே வராதீங்கன்னு. அந்த வாரம்தான் அண்ணன் எழுதுனான். 'ரூம் கிடைக்கலையாமே, எங்க வீட்ல மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, வா'ன்னு."

"அவனா எழுதுனான்? நீ முதல்ல எழுதலையா?"

"சத்தியமா நான் எழுதல. அவன் எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது."

தியோலினா கட்டிலில் உட்கார்ந்தாள். தலைக்குள் டீச்சர் விழித்துக்கொண்டாள். "உனக்கு ரூம் கிடைக்கலைன்னு அவனுக்கு யாருடி சொன்னது?"

"கேட்டேன். சொல்ல மாட்டேங்கறான்."

"உன் சிநேகிதிங்க?"

"யாருக்கும் அவனைத் தெரியாது."

இந்த விஷயம் தெரிந்தது மூன்றே பேருக்கு. நவுலி, தியோலினா, மரோஜஹான். மற்றவர்களிடம் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். அப்படியானால் இந்தச் சுவருக்குக் காது இருக்க வேண்டும். இல்லை என்றால் நவுலி இப்போதும் பொய் சொல்கிறாள். தியோலினா மகளின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். அழுகைதான் தெரிந்தது, பொய் தெரியவில்லை. ஆனால் ஒரு மாதமாகவும் தெரியவில்லையே.

"மெலிஞ்சிருக்கானா?" என்று கேட்டது அவளா, வேறு யாராவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இல்லம்மா. தொப்பை போட்டிருக்கான்."

"சரி, சரி. போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இத பாரு. அந்தப் படத்தை அழி. அவன் எழுதுனதெல்லாம் அழி. அப்பா கேட்டா நாலு பொண்ணுங்க. ஸ்பெயின்னா ஸ்பெயின், நடுவுல நாடு மாத்தாதே. விமானம் ஏறுற வரைக்கும் நீயும் நானும் ஊமை."

இரண்டரை நாள். இரண்டரை நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்.

---

பெலாவான் துறைமுகத்தில் மரோஜஹானுக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆறு மணிக்கு வந்தார். குளித்தார். காப்பியை வாங்கிக்கொண்டு, திறந்து கிடந்த பெட்டியின் முன்னால் வந்து நின்றார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கே."

"முப்பது கிலோ வரைக்கும் விடுவாங்கப்பா."

"விமானத்துல விடுவான். வீட்ல யாரு தூக்கறது? அந்த மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கு. நீ இதை வெச்சுக்கிட்டு ஏறுனா தலைகுப்புற விழுவே. ரெண்டு சின்னப் பெட்டியாப் போடு."

சொல்லிவிட்டுக் காப்பியை ஊதிக் குடித்தார்.

நவுலி அம்மாவைப் பார்த்தாள். தியோலினா நவுலியைப் பார்த்தாள். மாடி அறை என்று தியோலினாவுக்கே இன்றைக்கு மத்தியானம்தான் தெரியும். படியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நவுலி காட்டிய படங்களில் படியே கிடையாது.

"யாரு சொன்னது உங்களுக்கு, படி செங்குத்துன்னு?" தியோலினா துணியை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"டச்சுக்காரன் கட்டுற வீடுன்னா அப்படித்தான். துறைமுகத்துல எத்தனை டச்சுக்காரனைப் பாத்திருக்கேன்."

துறைமுகத்துக்கு வருகிற டச்சுக்காரன் மாடிப்படியைப் பற்றியா பேசுவான்?

அடுத்த கேள்வியை அவள் எடுப்பதற்குள் போன் அடித்தது. மரோஜஹானின் போன், மேஜை மேல். திரையில் 'அக்கா'.

"நான் எடுக்கறேன்," என்று தியோலினா பாய்ந்தாள். அவர் கை முந்திக்கொண்டது.

ரோசிந்தானின் குரல் எப்போதும் போனுக்கு வெளியேயும் கேட்கும். "தம்பி! நீ உக்காந்திருக்கியா? உக்காரு. உன் பொண்டாட்டி இன்னிக்குக் கடைக்கு வந்து என் பையன்கிட்ட என்னமோ கிண்டுனா. சாயங்காலம் வரைக்கும் அவனைத் துருவி எடுத்துட்டேன். குரோனிங்கன்ல லாம்ரியான்னு ஒருத்தி, நம்ம குலத்துப் பொண்ணு. சர்ச்சுல எடுத்த போட்டோவை வெச்சு இன்டர்நெட்ல அவ பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டான். அவ புருஷன் யாரு தெரியுமா? அய்யோ, நான் வாயால எப்படிச் சொல்லுவேன்? நம்ம குலத்துலயே கட்டிக்கிட்டு... உன் மகன்டா! போனார்! உன் மக போறது அந்த வீட்டுக்குத்தான்டா!"

தியோலினாவின் கையிலிருந்த துணி நழுவியது. முடிந்தது. இரண்டரை நாள் என்று கணக்குப் போட்டாள். அரை நாள்கூடத் தாங்கவில்லை. நவுலி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மரோஜஹான் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தெரியும், அக்கா," என்றார்.

அவர் போனை அணைத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

தெரியுமா? எப்போதிலிருந்து? அப்படியானால் அவனுக்குச் சொன்னது இவரா? மூன்று வருஷமாக அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து வெளியே போனாரே, யாரோடு பேசப் போனார்? இப்போது அக்காவுக்கும் தெரிந்துவிட்டதே, நாளை விருந்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடுமே, இனி விடுவாரா? தியோலினாவின் வாயில் பத்துக் கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமா, இளக்கமா, எதுவும் படிக்க முடியவில்லை. சாத்தின புத்தகம்.

நவுலிதான் பேசினாள். "அப்பா... நான் போகலாம்லப்பா?"

அவர் கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டைக் கொண்டா."

"அப்பா..."

"கொண்டான்னேன்."

நவுலி உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்தார். விளக்குப் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் அதன் மேல் ஒருமுறை தடவினார். மூடினார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். யாரையும் பார்க்காமல் எழுந்து படுக்கையறைக்குள் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அந்தத் தாழ்ப்பாளை அவர் போட்டுத் தியோலினா கேட்டதே இல்லை.